அரிய பிளெக்கோ மீன்களை வீட்டுத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளெக்கோ வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான். அவற்றில் பாதிக்கு ஒரே விடை: கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துப்போய், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைக் குறித்துவைத்து விடைகளைக் கீழே எழுதியிருக்கிறேன். நான் ஆய்வாளன் அல்ல. தொட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பல மாலைகளைக் கழித்தவன், அவ்வளவே.

பிளெக்கோ என்றால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் கறுப்பு மீன்தானே? அதில் அரியது என்று என்ன இருக்கிறது?

நீங்கள் பார்த்தது அந்தப் பெரிய குடும்பத்தில் ஒன்று. அது முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து, வாங்கியவரைத் திணறடிக்கும். லோரிகரிடே என்ற இந்தக் கெளுத்திக் குடும்பத்தில் 900க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பூர்வீகம் தென் அமெரிக்காவும் மத்திய அமெரிக்காவின் தென்பகுதியும். உடலெங்கும் எலும்புத் தகடுகள், அடிப்புறத்தில் உறிஞ்சிப் பிடிக்கும் வாய். இந்த இரண்டைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. பாசியைத் திரும்பிக்கூடப் பார்க்காத பிளெக்கோக்கள் ஏராளம்.

அரியவை என்று நாம் சொல்பவை பெரும்பாலும் ஒரே ஆற்றின் ஒரு பகுதியில் மட்டும் வாழ்பவை. ஜீப்ரா பிளெக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். பிரேசிலின் சிங்கு ஆறு வளைந்து திரும்பும் வோல்டா கிராண்டே என்ற பகுதிதான் அதன் உலகம். 1991இல்தான் அதற்கு ஹைபன்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். முழு வளர்ச்சியில் எட்டு ஒன்பது சென்டிமீட்டர். ஒரு முறைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை. வாழிடமும் சிறியது, முட்டையும் குறைவு, வளர்ச்சியும் மெதுவு. அரிதாகாமல் என்ன செய்யும்?

எல் 46, எல் 134 என்று எண் போட்டுச் சொல்கிறார்களே, அது என்ன கணக்கு?

அறிவியல் பெயர் வைப்பதற்குள் புதிய மீன்கள் குவிந்துவிட்டதால் வந்த ஏற்பாடு அது. 1988இல் டாட்ஸ் என்ற ஜெர்மன் மீன்வளர்ப்பு இதழ், பெயரில்லாத பிளெக்கோக்களின் படத்தைப் போட்டு வரிசை எண் கொடுக்கத் தொடங்கியது. எல் என்பது லோரிகரிடேயின் முதல் எழுத்து. ஜீப்ரா பிளெக்கோ எல் 46. லெப்பர்ட் ஃபிராக் என்று அழைக்கப்படும் பெக்கோல்டியா காம்ப்டா எல் 134. அதற்கு 2010இல்தான் முறையான பெயர் கிடைத்தது.

எண் என்பது இனம் அல்ல என்பதை மறக்காதீர்கள். ஒரே இனத்துக்குப் பல எண்கள் உண்டு. கோல்டு நக்கெட் என்று விற்கப்படும் பாரியான்சிஸ்ட்ரஸ் சாந்தெல்லஸுக்கு எல் 18, எல் 81, எல் 177 என்று குறைந்தது மூன்று. எண்ணை மட்டும் நம்பி ஜோடி சேர்ப்பதில் உள்ள சிக்கல் பின்னால், கலப்பு பற்றிய கேள்வியில் வருகிறது.

முதல் முறையாக முயல்கிறேன். நேராக ஜீப்ராவிலேயே இறங்கலாமா?

இறங்கலாம். ஆனால் முதல் பாடத்தை விலை உயர்ந்த மீனிடம் கற்றுக்கொள்ள ஏன் ஆசைப்படுகிறீர்கள்? பிரிசில்நோஸ் எனப்படும் ஆன்சிஸ்ட்ரஸ் ஒரு ஜோடி வாங்கி ஒரு வருடம் வைத்துப் பாருங்கள். ஐம்பது, நூறு என்று முட்டையிடும். ஆண் குகைக்குள் உட்கார்ந்து துடுப்பால் விசிறுவதையும், முட்டை பொரிப்பதையும், குஞ்சுகள் கண்ணாடியில் ஏறுவதையும் அதனிடமே முழுதாகப் பார்த்துவிடலாம். அதில் இருபது குஞ்சு இறந்தால் பாடம். ஜீப்ராவில் பத்து இறந்தால் அந்தத் தொகுதியே போயிற்று.

அடுத்த படியாக எல் 134 நல்ல தேர்வு. ஜீப்ராவும் சேர்ந்த ஹைபன்சிஸ்ட்ரஸ் வகைகளிலேயே தொடங்க விரும்பினால், ஒரினோகோ ஆற்று எல் 201 கொஞ்சம் பொறுத்துப்போகும் மீன். பெரிய ராயல் பிளெக்கோவான பனாக் வகைகளை இந்தக் கனவில் சேர்க்காதீர்கள். வீட்டுத் தொட்டியில் அவை முட்டையிடுவது மிக அபூர்வம்.

பெரிய மீனாகவே வாங்கினால் உடனே முட்டையிடுமா?

உடனே என்ற சொல்லை இந்தப் பக்கத்திலிருந்தே எடுத்துவிடலாம். இடம் மாறிய பெரிய மீன் பழகிக்கொள்ள ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை எடுத்துக்கொள்ளும். சிறிய மீனாக வாங்கினால் இரண்டரை, மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் உங்கள் தண்ணீரிலேயே வளர்ந்த மீன் அது. எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும். ‘முட்டையிட்ட ஜோடி’ என்று சொல்லி விற்பவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: முட்டையிடும் ஜோடியை ஏன் விற்கிறீர்கள்?

ஆணையும் பெண்ணையும் எப்படிப் பிரித்தறிவது? எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றன.

மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்து முடிவுகட்டுவதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ஹைபன்சிஸ்ட்ரஸ் ஆணுக்குத் தலை அகலமாகவும் சற்றுச் சதுரமாகவும் இருக்கும். செவுள் மூடிக்குப் பின்னாலும் மார்புத் துடுப்பின் முதல் முள்ளிலும் நீண்ட முள்மயிர்கள் தெரியும். பெண்ணுக்குத் தலை குறுகலாக, மூக்கு வளைந்து, மார்புத் துடுப்புக்குப் பின்னால் உடல் அகன்றிருக்கும். பெக்கோல்டியா, மரம் கொறிக்கும் பனாகோலஸ் ஆகியவற்றின் ஆண்களுக்கு இனப்பெருக்கக் காலத்தில் வால் பக்கத்து உடலில் முடி முளைத்தது போலச் சொரசொரப்பு வரும். ஆன்சிஸ்ட்ரஸ் ஆணின் மூக்கில் கிளைவிட்ட மீசை இருக்கும், தவறவே முடியாது.

நான்கைந்து சென்டிமீட்டருக்குக் குறைவான மீனில் இந்த அடையாளங்களைத் தேடாதீர்கள். நன்றாகத் தின்ற இளம் ஆணின் வயிறும் உருண்டையாகத்தான் இருக்கும். என் நண்பர் ஒருவர் ஆறு மீன் வாங்கி, இரண்டு வருடம், குளிர்ந்த நீர் மாற்றித் தொட்டியில் மழைக்காலமெல்லாம் வரவழைத்துப் பார்த்தார். கடைசியில் ஆறும் ஆண்.

எத்தனை மீன் வைக்க வேண்டும்? எவ்வளவு பெரிய தொட்டி?

ஐந்து அல்லது ஆறு மீன். அதில் ஆண் இரண்டு, மீதி பெண்கள் என்று அமைந்தால் நல்லது. ஜீப்ரா அளவுள்ள மீன்களுக்கு 100 லிட்டர் தொட்டி போதும். உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம், ஏனென்றால் இவை மேலே நீந்துவதே இல்லை. ஆண்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குகையாவது கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் வலிய ஆண் ஒன்றைப் பிடித்துக்கொள்ள, மற்றது மூலையில் கிழிந்த துடுப்போடு ஒதுங்கிக் கிடக்கும்.

குகை எந்த அளவில் இருக்க வேண்டும்? தேங்காய் ஓடு போதாதா?

ஆன்சிஸ்ட்ரஸுக்குப் போதும். ஹைபன்சிஸ்ட்ரஸுக்குப் போதாது. அதற்குத் தன் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் குழாய் வேண்டும். ஆண் உள்ளே நுழைந்து துடுப்பை விரித்தால் இரு சுவர்களையும் தொட வேண்டும் என்பதுதான் அளவுகோல். ஜீப்ராவுக்கு உள் அகலம் மூன்று முதல் நான்கு செ.மீ., உயரம் இரண்டரை முதல் மூன்று செ.மீ., நீளம் பத்து முதல் பதினைந்து செ.மீ. ஒரு முனை மூடியிருக்க வேண்டும். இரு முனையும் திறந்த குழாய் வழிப்பாதைதான், வீடு ஆகாது.

களிமண்ணில் சுட்டது, கற்பலகையை ஒட்டிச் செய்தது இரண்டும் நன்று. உட்புறம் சற்றுச் சொரசொரப்பாக இருந்தால் முட்டைக் கொத்து உருண்டு வெளியே வராது. வாயைத் தண்ணீர் ஓட்டத்துக்கு நேராக வைக்காமல், ஓட்டம் வாசலை உரசிக்கொண்டு போகும்படி திருப்பி வையுங்கள். வாசல் பக்கம் ஒரு நூல் உயர்ந்திருந்தால் இன்னும் நல்லது.

தண்ணீர் எப்படி இருக்க வேண்டும்? ஆர்.ஓ. நீர் கட்டாயமா?

சிங்கு ஆற்று மீன்களுக்கு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், பி.எச். 6.5 முதல் 7.2 வரை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட் 20 பி.பி.எம்.முக்குக் கீழே. ஆன்சிஸ்ட்ரஸுக்கு 24 முதல் 26 டிகிரி போதும். எல்லாப் பிளெக்கோவையும் ஒரே வெப்பத்தில் வைப்பது தவறு. எந்த ஆற்று மீன் என்று தெரிந்துகொண்ட பிறகு ஹீட்டரைத் திருப்புங்கள்.

ஆர்.ஓ. கட்டாயமில்லை. ஓரளவு கடினமான குழாய் நீரிலும் ஜீப்ரா முட்டையிட்டுப் பொரித்திருக்கிறது. மென்னீர் உதவும், குறிப்பாக மழைக்காலத்தை வரவழைக்கும் வேளையில். ஆனால் இன்று மென்மை, நாளை கடினம் என்று மாறும் நீரைவிட எப்போதும் ஒரே மாதிரி இருக்கும் சுமாரான நீர் மேல். குழாய் நீரில் குளோரமின் கலந்திருந்தால், வாளியில் ஒரு நாள் வைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள். குளோரின் போகும், குளோரமின் போகாது. நீக்கும் மருந்து ஊற்றித்தான் ஆக வேண்டும்.

பலரும் மறப்பது ஆக்ஸிஜன். 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் 7.5தான். பாறை இடுக்கில் வேகமாக ஓடும் நீரில் வாழ்ந்த மீனுக்கு இந்தக் குறைவு பெரிது. எனவே காற்று பம்பும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்து, கூடவே ஒரு சிறிய மோட்டாரால் ஓட்டம் கொடுங்கள். மீன் கண்ணாடியில் மேலேறி நீர்மட்டத்துக்கு அருகே மூச்சு வாங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே.

வெள்ளரிக்காய் போடுகிறேன், தொடுவதே இல்லை. என்ன தின்னும்?

ஹைபன்சிஸ்ட்ரஸ் அசைவம். உறைய வைத்த ரத்தப்புழு, இறால் துண்டு, ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால், நல்ல புரதமுள்ள மூழ்கும் மாத்திரை போடுங்கள். பெக்கோல்டியாவும் கிட்டத்தட்ட அப்படியே. பாரியான்சிஸ்ட்ரஸுக்கு மட்டும் பாறையைச் சுரண்டித் தின்னும் உணவு வேண்டும், அங்கே காய்கறிக்கு இடமுண்டு. விளக்கணைத்த பிறகு உணவு போடுங்கள். பகலில் போட்டால் தின்னாமல் அழுகும், நீங்களும் மீனுக்குப் பசியில்லை என்று கவலைப்படுவீர்கள்.

மரக்கட்டை இல்லாமல் பிளெக்கோ செத்துவிடும் என்கிறார்களே?

ஹைபன்சிஸ்ட்ரஸுக்குக் கட்டை வெறும் மறைவிடம். பனாக், பனாகோலஸ் வகைகளுக்கு அது உணவு, அதைக் கொறித்துக்கொண்டே இருக்கும். கறையானைப்போல் இவை மரத்தைச் செரித்து வாழ்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். 2009இல் வெளியான ஆய்வு அதைத் தவறென்று காட்டியது. மரத்தூள் குடலில் தங்காமல் விரைந்து வெளியேறிவிடுகிறது. மரத்தோடு சேர்ந்து உள்ளே போகும் பாசி, பூஞ்சை, நுண்ணுயிர்ப் படலம் போன்றவைதான் சத்து. ஆக, கட்டை போட்டுவிட்டேன் என்று வேறு உணவு கொடுக்காமல் விட்டால் பனாகோலஸும் மெலியும்.

ஒரு வருடமாக எல்லாம் சரியாக வைத்திருக்கிறேன். முட்டையிடவே இல்லை. என்ன தவறு செய்கிறேன்?

எனக்கு மிக அதிகமாக வரும் கேள்வி இது. முதலில், ஆணும் பெண்ணும் இருக்கிறதா, வயது வந்துவிட்டதா என்று பாருங்கள். அந்த ஆறு ஆண்களை மறக்காதீர்கள். இரண்டாவது, குகை பெரிதாக இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது கேள்வி உங்களுக்கு: கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை குகையை நகர்த்தினீர்கள்? பெரும்பாலோர் இந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்கள்.

இவை மூன்றும் சரி என்றால், உங்கள் தொட்டி சற்று அளவுக்கு மீறிச் சீராக இருக்கிறது என்று பொருள். ஆற்றில் கோடை உண்டு, மழை உண்டு. தொட்டியில் வருடம் முழுக்க ஒரே நாள். அதனால் கோடையை நாமே கொண்டுவர வேண்டும். நான்கு முதல் ஆறு வாரம் தண்ணீர் மாற்றுவதைக் குறையுங்கள், உணவைப் பாதியாக்குங்கள், வெப்பத்தை மெதுவாக 30, 31க்கு ஏற்றுங்கள். நீர் ஆவியாகி மட்டம் சற்று இறங்கினால் இறங்கட்டும். நைட்ரேட்டை மட்டும் சோதித்துக்கொண்டிருங்கள். கோடை என்ற பெயரில் சாக்கடை ஆக்கிவிடக் கூடாது. இந்த நாட்களிலும் காற்றோட்டத்தைக் குறைக்காதீர்கள்.

பிறகு ஒரு வாரம் ரத்தப்புழுவும் இறாலும் தாராளமாகக் கொடுங்கள். பெண்களின் வயிறு புடைப்பது மேலிருந்து தெரியும். அப்போது மழை. தொட்டி நீரைவிட மூன்று நான்கு டிகிரி குளிர்ந்த மென்னீரால் நாளுக்கு முப்பது நாற்பது சதவீதம் மாற்றுங்கள், நான்கைந்து நாள் தொடர்ந்து. வெப்பம் படிப்படியாக 26 அளவுக்கு இறங்கட்டும். கூடுதலாக ஒரு மோட்டார் போட்டு ஓட்டத்தை வேகமாக்குங்கள். பிறகு ஹீட்டரை மெல்ல ஏற்றி 29க்குக் கொண்டுவாருங்கள். குகைக்குள் சண்டை தொடங்குவது பெரும்பாலும் இந்த ஏறும் நாட்களில். வெளியே புயல் அடிக்கும் நாளில் முட்டையிடுகிறது என்பவர்கள் பலர். நம்மால் வானத்தைத் திறக்க முடியாது, குழாயைத் திறக்க முடியும்.

முதல் மழைக்குப் பயன் இல்லையென்றால் அடுத்த வாரமே மீண்டும் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் சாதாரணமாக விடுங்கள். மாதாமாதம் மழை பெய்தால் அதற்குப் பெயர் மழைக்காலம் அல்ல.

ஆண், பெண்ணைக் குகைக்குள் அடைத்து வைத்து வெளியே விடவே மாட்டேன் என்கிறது. பிரித்துவிடட்டுமா?

வேண்டாம். நீங்கள் ஒரு வருடமாகக் காத்திருந்தது இதற்காகத்தான். பெண்ணை உட்பக்கம் விட்டு, ஆண் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு நாளும் ஆகலாம், மூன்று நான்கு நாளும் ஆகலாம். முட்டையிட்டதும் பெண் வெளியேறிவிடும், அதன்பின் அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. வரும்போது துடுப்பு கிழிந்து, உடலில் கீறலோடு வரும். சுத்தமான நீரில் ஒரு வாரத்தில் ஆறிவிடும். சில சமயம் முட்டையே இடாமல் பெண் நழுவி வந்துவிடும். இளம் ஆண்களிடம் இது சகஜம்.

முட்டை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டார்ச் அடிக்கலாமா?

ஆணின் நடத்தையைப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும். உணவு போட்டும் வெளியே வராது. துடுப்பும் வாலும் ஒரே சீராக அசைந்துகொண்டிருக்கும். பெண்ணின் வயிறு ஒட்டிப்போயிருக்கும். இந்த மூன்றும் இருந்தால் முட்டை இருக்கிறது. நம்ப முடியாவிட்டால் சிறிய டார்ச்சைச் சாய்வாக ஒரே முறை அடித்துப் பாருங்கள். மஞ்சள் மணிகள் போலக் கொத்தாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்த உறவினருக்குக் காட்டுவதற்காக நான் ஒருமுறை குகையையே தூக்கினேன். ஆண் அம்புபோல் வெளியே பாய, பின்னாலேயே பன்னிரண்டு முட்டையும் உருண்டு வந்து மணலில் விழுந்தன. உறவினர், “இதுதானா?” என்றார். இதுதான்.

முட்டையை அப்பா மீன் வெளியே தள்ளிவிட்டது. இனி என்ன செய்வது?

ஒன்றிரண்டு வெள்ளை முட்டை வெளியே கிடந்தால் கவலை வேண்டாம். கருவுறாததை ஆண் களைந்துவிட்டிருக்கிறது. மொத்தக் கொத்தும் வெளியே வந்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: முதல் முறை அப்பா, அகன்ற குகை, வாசலுக்கு நேரான ஓட்டம், பக்கத்து ஆணின் தொல்லை, அல்லது நீங்கள். முதல் இரண்டு மூன்று தொகுதி வீணாவது சாதாரணம். ஆண் கற்றுக்கொள்ளும், விட்டுக்கொடுங்கள்.

விழுந்த முட்டை இன்னும் மஞ்சளாக இருந்தால் காப்பாற்றலாம். தொட்டியின் உள்ளேயோ பக்கவாட்டிலோ தொங்கும் சிறு பெட்டியில் அதே நீரை ஓடவிட்டு, காற்றுக்கல்லின் குமிழியில் முட்டை மெல்ல அசையும்படி வையுங்கள். அசைந்தால் போதும், துள்ளக் கூடாது. வெள்ளையானவற்றை அன்றன்றே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பக்கத்து முட்டைக்குத் தாவும். தனி நீராக இருந்தால் மெத்திலீன் ப்ளூ சில துளி உதவும். அதே மருந்தைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரின் நல்ல பாக்டீரியா பாதிக்கப்படும், ஊற்றாதீர்கள்.

அப்படியானால் எப்போதும் முட்டையை எடுத்து நாமே பொரித்துவிடலாமே?

நல்ல அப்பா இருக்கும்போது நீங்கள் எதற்கு? அது இரவு பகலாக விசிறி, கெட்டதைக் களைந்து, குஞ்சின் வயிற்றிலுள்ள மஞ்சள் பை தீரும்வரை காவல் இருக்கும். இதை எந்தக் காற்றுக்கல்லும் செய்யாது. தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் தள்ளிவிடும் ஆணாக இருந்தால் மட்டும் எடுத்துப் பொரியுங்கள்.

குஞ்சு பொரித்துவிட்டது! எப்போது உணவு கொடுக்க வேண்டும்?

அவசரப்படாதீர்கள். 28, 29 டிகிரியில் ஜீப்ரா முட்டை ஆறு ஏழு நாளில் பொரியும். வெளிவருவது பெரிய மஞ்சள் பையில் ஒட்டிய வால் போலிருக்கும். அந்தப் பைதான் அதன் கட்டுச்சோறு. அது தீர இன்னும் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்குள் போடும் உணவெல்லாம் அழுகல்தான். வயிறு தட்டையாகி, வரிகள் தெளிந்து, குஞ்சுகள் தாமாக வாசலுக்கு வரும்போது தொடங்குங்கள்.

அப்போதுதான் பொரித்த ஆர்டீமியாவும், பொடித்த மூழ்கும் மாத்திரையும் முதல் உணவு. நாளுக்கு இரண்டு மூன்று முறை, சிட்டிகை அளவு. பெரிய தொட்டியில் விட்டுவிட்டால் உணவைத் தேடியே இளைத்துவிடும். எனவே மேலே சொன்ன தொங்கும் பெட்டியில் முதல் இரண்டு மாதம் வைப்பது நல்லது. குகையை நீருக்குள்ளேயே சாய்த்து மெல்ல ஆட்டினால் வழுக்கி வந்துவிடும். வலையால் அள்ளினால் முள் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாவது வாரம்வரை நன்றாக இருந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாக இறக்கின்றன. ஏன்?

இறந்த குஞ்சின் வயிற்றைப் பாருங்கள். உள்ளே ஒட்டியிருந்தால் பசி. உப்பியிருந்தால் அழுக்கு. பெட்டியின் அடியில் மிஞ்சிய உணவு படிந்து பாக்டீரியா பெருகும், குஞ்சு அதன் மேலேயே வயிற்றைத் தேய்த்துக்கொண்டு கிடக்கும். தினமும் மெல்லிய குழாயால் அடியை உறிஞ்சி எடுங்கள். இரண்டு மூன்று சிறு நத்தைகளை விட்டால் மிச்சத்தைத் தின்று பாதி வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

வயிறு இயல்பாக இருந்தும் இறந்தால் நீர் மாற்றும் விதத்தைச் சந்தேகியுங்கள். பெரிய மீன்களுக்கு மழை வரவழைக்கும் குளிர்ந்த நீர் குஞ்சுக்கு அதிர்ச்சி. குஞ்சுப் பெட்டிக்கு அதே வெப்பத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, நாள்தோறும். பெட்டி பெரிய தொட்டியோடு இணைந்திருக்கும்போது தொட்டியில் மழை பெய்விக்காதீர்கள்.

ஆறு மாதமாகியும் விரல் நகம் அளவே இருக்கிறது. நோயா?

இல்லை, ஜீப்ரா அப்படித்தான். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் நல்ல வளர்ச்சி. ஒரு வருடத்தில் நான்கு ஐந்து செ.மீ. பிரிசில்நோஸோடு ஒப்பிட்டால் மனம் உடையும். ஒரே தொகுதியில் ஒன்றிரண்டு மட்டும் மிகப் பின்தங்கினால் அவற்றைத் தனியாக ஊட்டுங்கள்.

மின்சாரம் நின்றுவிட்டால்?

பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், அது ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓட்டினால் போதும். வெப்பம் மெல்ல இறங்குவதை மீன் தாங்கும், ஆக்ஸிஜன் குறைவதைத் தாங்காது. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளிருக்கும் அழுகிய நீரைக் கொட்டிக் கழுவாமல் மீண்டும் ஓட விடாதீர்கள்.

தொட்டி வெறுமையாகத் தெரிகிறது. வேறு மீன் விடலாமா?

இனப்பெருக்கத் தொட்டி அலங்காரத்துக்கு அல்ல. தாங்கவே முடியாவிட்டால் 29 டிகிரியைப் பொறுக்கும் கார்டினல் டெட்ரா கொஞ்சம். சிக்லிட், லோச், வேறு பிளெக்கோ, மூன்றும் கூடாது.

எல் 66, எல் 333 இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரே தொட்டியில் வைத்தால் என்ன?

முட்டையிட்டுவிடும், அதுதான் சிக்கல். ஹைபன்சிஸ்ட்ரஸ் வகைகள் தங்களுக்குள் எளிதில் கலக்கும். ஜீப்ராவோடுகூட மற்றவை கலந்திருக்கின்றன. பிறக்கும் குஞ்சு அழகாகவும் இருக்கும். நான்கு கை மாறிய பிறகு அது கலப்பு என்பதே யாருக்கும் தெரியாது, யாரோ ஒருவரின் தூய வரிசைக்குள் நுழைந்துவிடும். எண்ணை நம்பக் கூடாது என்று முன்பே சொன்னேன். இங்கே இன்னும் ஒரு படி மேலே: எண் ஒன்றாக இருந்தாலும், பிடித்த இடம் தெரியாத இரண்டு கூட்டத்தைக் கலக்க நான் தயங்குவேன். ஒரு தொட்டிக்கு ஒரு வகை.

ஒரே ஜோடியின் குஞ்சுகளைத் தங்களுக்குள் சேர்க்கலாமா?

ஒரு தலைமுறை தாங்கும். அதையே வழக்கமாக்கினால் சிறு தொகுதி, துடுப்புக் குறை, பலவீனமான குஞ்சு என்று வெளிப்படத் தொடங்கலாம். செவுள் மூடி குட்டையாக இருப்பதை மட்டும் உடனே இரத்த உறவின்மேல் போடாதீர்கள். மோசமான நீரில் வளர்ந்த குஞ்சுக்கும் அது வரும். வேறு வழித்தோன்றல் வைத்திருக்கும் ஒருவரோடு ஆண்களை மாற்றிக்கொள்வதே எளிய தீர்வு. ஆனால் அவருடைய மீனும் உங்களுடையதும் ஐந்து வருடத்துக்கு முன் ஒரே வீட்டிலிருந்து வந்தவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆற்றில் பிடித்த மீன் கிடைக்கிறது என்கிறார் ஒருவர். இரத்தம் புதிதாகுமே, வாங்கலாமா?

ஜீப்ரா என்றால் வேண்டாம். பிரேசில் அதன் ஏற்றுமதியைத் தடைசெய்திருக்கிறது. அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்ஸ் ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலில் 2017இல் சேர்ந்தது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாடு அதை இரண்டாம் பட்டியலுக்கு உயர்த்தி, ஆற்றில் பிடித்த மீனின் வணிக ஏற்றுமதிக்கு அளவு பூஜ்யம் என்று வைத்தது. ஆகவே இன்று யாரோ உங்களுக்கு நீட்டும் ‘ஆற்று ஜீப்ரா’ பெரும்பாலும் கடத்தல் சரக்கு. தொட்டியில் பிறந்த மீனும் நாடு விட்டு நாடு போகக் காகிதம் வேண்டும்.

சட்டப்படி வரும் வேறு வகை ஆற்று மீன்களை வாங்கினால் குறைந்தது ஆறு வாரம் தனித்தொட்டி. குடல் புழு இல்லாமல் வருவது அரிது. மருந்து கொடுக்கும்போது தாமிரம் கலந்தவற்றைத் தவிருங்கள், பிளெக்கோ தாங்காது.

நாம் வீட்டில் குஞ்சு பொரிப்பதால் சிங்கு ஆற்று மீனுக்கு என்ன நன்மை?

நேரடியாகச் சொன்னால், மிகக் குறைவு. அங்கே பெரிய ஆபத்து பிடிப்பவர்கள் மட்டுமல்ல. 2016இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய பெலோ மோண்டே அணை, வோல்டா கிராண்டேயின் நீரில் பெரும்பங்கைத் திருப்பிவிடுகிறது. வேகமாக ஓடும் நீரில் பாறை இடுக்கில் வாழும் மீனுக்கு ஓட்டமே குறைந்துவிட்டால் நம் தொட்டியில் எத்தனை பொரித்து என்ன? தொட்டி மீனைக் கொண்டுபோய் ஆற்றில் விடலாம் என்பவர்களுக்கு, அதற்கு முதலில் ஆறு வேண்டும். கடத்தல் மீனுக்கான தேவையைத் தொட்டிக் குஞ்சுகள் குறைக்கின்றன, அது உண்மை. அதற்கு மேல் பெருமை பேச எனக்கு மனம் வரவில்லை.

குஞ்சுகளை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மூன்று சென்டிமீட்டருக்கு முன் கொடுக்காதீர்கள். அதைவிடச் சிறியது பயணத்தைத் தாங்காது. கொடுப்பதற்கு முந்தைய நாள் உணவு நிறுத்துங்கள். முள் பையைக் கிழிக்கும் என்பதால் இரட்டைப் பை. ஒரு சீட்டில் எண், பெற்றோர் எங்கிருந்து வந்தவை, பொரித்த தேதி, உங்கள் தொட்டியின் வெப்பமும் பி.எச்.சும், இப்போது தின்னும் உணவு ஆகியவற்றை எழுதி உடன் கொடுங்கள். வாங்குபவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பிறகு தொலைபேசியில் அதையேதான் கேட்பார். அதனால் நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.